விதைச் சாமை

நிறைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒருவருக்குப் பசிக்கிறது என்று முடிவு செய்யும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டுமே உண்டு. அதற்கென்றே துயர்துடைப்புத் துறை என்று ஒன்றை வைத்திருந்தார்கள்.

அந்த வருடத்து மழையில் மலைப்பாதை சரிந்து, உச்சியிலிருந்த தூவல்பாறை என்ற ஊர் துண்டிக்கப்பட்டது. விளைச்சலும் மண்ணோடு போயிற்று. கொடிகளைப் பிடித்து இறங்கிவந்தவர்கள் தலைநகரில் சேதி சொன்னார்கள். மாமன்னர் கண்கலங்கினார். அடிவாரக் கிடங்கில் தானிய மூட்டைகள் வந்து இறங்கின. ஆனால் பசி உறுதியாகாமல் மூட்டையைப் பிரிக்கக்கூடாது என்பது சட்டம். எனவே முதலில் ஓர் ஆய்வுக் குழு மேலே போயிற்று.

தூவல்பாறைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இவ்வளவு உயரம் ஏறி வருகிறவர் பசித்துத்தான் வந்திருப்பார் என்று, சோறு போட்ட பிறகுதான் பேச்சையே தொடங்குவார்கள். வீடு வீடாக மிச்சமிருந்த சாமையைத் திரட்டி, வந்தவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள். குழுவினர் வயிறாரச் சாப்பிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, மலையேறினால் பசிக்கத்தானே செய்யும். "இவ்வூரில் சுடுசோறு கிடைக்கிறது" என்று கீழே வந்து அறிவித்தார்கள்.

இதைச் சரிபார்க்க இரண்டாவது குழு போயிற்று. அவர்களுக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். "உணவில் வகைகளும் உள்ளன" என்றது அந்தக் குழு.

கடைசியாகத் துறை அமைச்சர் பெருங்கிள்ளியாரே கிளம்பினார். பாதை இல்லாததால் ஊர்க்காரர்கள் கயிறு கட்டி அவரை மேலே இழுத்தார்கள். கூடவே ஒரு மூட்டையையும் கட்டி இழுக்கலாமா என்று ஒருவன் கேட்டான். விதியில் இடமில்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

அப்போது ஊரில் மிச்சமிருந்தது சடைச்சி வீட்டுப் பானையிலிருந்த விதைச் சாமை மட்டும். அடுத்த மழைக்கு ஊர் முழுக்க விதைக்க அதுதான் இருந்தது. பசியில் சுருண்டு கிடந்த தன் மகளுக்குக்கூட அதிலிருந்து ஒரு பிடி எடுக்கவில்லை அவள்.

"இதையும் ஆக்கிப்புட்டா வெதைக்க என்ன மாமா இருக்கு?" என்று ஊர்த்தலைவர் கொம்பனிடம் கேட்டாள்.

"ஏறி வந்தவர வெறும் வயித்தோட அனுப்புனா நாமெல்லாம் மனுசங்களா புள்ள? அவரே கண்ணால பாத்துட்டாருன்னா மூட்டை வந்துரும். பானைய எறக்கு."

சடைச்சி அழுதுகொண்டே உலை வைத்தாள்.

அமைச்சர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு எழுந்து நின்றார்.

"நெஞ்சம் நெகிழ்கிறது! பசித்தவர்களிடம் இத்தகைய வள்ளன்மையைக் காண இயலாது. ஆகவே தூவல்பாறை இன்று முதல் கொடையூர் என அறிவிக்கப்படுகிறது. எதிர்மலையிலுள்ள ஆனைமுடங்கி ஊரார் பசியால் வாடுகிறார்களாம். அவர்களுக்குத் தானியம் வழங்கும் பெருமையை அரசு உங்களுக்கே அளிக்கிறது."

கொம்பன் போய்க் கயிற்றை எடுத்துவந்தார். அமைச்சரைப் பத்திரமாகக் கயிற்றில் இறக்கிவிட்டார்கள்.

மறுவாரம் சடைச்சி இரண்டு மலைக்கும் நடுவிலிருந்த கணவாய்க்கு நடந்தாள். ஆனைமுடங்கிக்காரர்கள் நம்பிக் காத்திருப்பார்களே, எங்களிடம் ஒன்றும் இல்லை என்று நேரிலாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். கணவாயில் எதிர்மலைப் பெண் ஒருத்தி வெறுங்கையோடு நின்றிருந்தாள். பெயர் வெள்ளச்சி. சடைச்சி வாய் திறக்குமுன் அவளே தொடங்கினாள்.

"தூவல்பாறையாக்கா? எங்கள மன்னிச்சிருங்க. முந்தாநாளு அமைச்சரு வந்தாரு. வெதைச் சோளத்தயும் ஆக்கிப் போட்டுட்டோம். சாப்புட்டுட்டு, ஒங்க ஊருக்கு நாங்க தானியம் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எங்ககிட்ட ஒண்ணுமே இல்லக்கா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சடைச்சி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளில் எலும்புதான் இருந்தது. மகளிடம் என்ன சொல்வது என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வெடித்தது.

அரண்மனை மாடியிலிருந்து மாமன்னர் தொலைநோக்கியில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவாயில் இரண்டு பெண்கள் கைகோத்து நிற்பது தெரிந்தது.

"ஒருத்தி கொடுக்கிறாள், ஒருத்தி வாங்கிக்கொள்கிறாள்" என்று கண்கலங்கினார். "உதவி போய்ச் சேர்ந்துவிட்டது. கிடங்கைப் பூட்டுங்கள்."