பதினாலாவது பாட்டுக்கு இறங்கணும்

போடியிலிருந்து மலைக்கு ஏறுகிற ஜீப்புகள் எல்லாம் டீசலில் ஓடும். பாட்டில் ஓடிய ஜீப் உலகத்திலேயே ஒன்றுதான். அதை ஓட்டியவரை அவர் வீட்டு ஆட்களே ‘பாட்டு ஜீப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். ரேஷன் கார்டில் என்ன பெயர் இருந்ததோ, எனக்குத் தெரியாது.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு சிடி, இருபத்தொரு பாட்டு. முதல் பாட்டு ஸ்டாண்டில் தொடங்கும். மலையடிவாரத்தில் இரண்டாவது. போடிமெட்டு டீக்கடைக்கு ஒன்பதாவது. அதற்கு மேலே ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஒரு பாட்டு. வண்டி பாட்டை முந்திக்கொண்டால் வளைவில் ஓரங்கட்டி, பாட்டு முடியும்வரை காத்திருப்பார். பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்தினால், “சரணம் ஓடுதுய்யா, பொறு” என்பார்.

நான் அப்போது மேலே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தினமும் முன் சீட்டில்தான் பயணம். ஒருநாள் பொறுக்க முடியாமல், “அண்ணே, வேற பாட்டுப் போடுங்களேன்” என்று கேட்டுவிட்டேன். வண்டியையே நிறுத்திவிட்டார்.

“வேற பாட்டுக்கு வேற ரோடுல்ல போடணும் தம்பி?”

காய் எடுக்கப் போகும் பெண்கள் பின்னால் முக்காடு போட்டுத் தூங்குவார்கள். மூடுபனியில் வெளியே பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அவரவர் பாட்டு வந்ததும் கண்ணைத் திறந்து, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். செல்லத்தாயிக்குப் பதினாலாவது பாட்டு. அறுபதை நெருங்கியவர். கடைசியில் ஓரமாக உட்காருவார். யாரிடமும் எதையும் கேட்க மாட்டார்.

அந்த சிடிக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் பாட்டு திக்கியது. அவர் துணியால் துடைத்தார், விபூதி பூசினார், பற்பசை தேய்த்துக் கழுவியும் பார்த்தார். கடைசியில் நான்தான் பெரிய மனதுடன், புது செட் மாட்டினால் பாட்டையெல்லாம் பென்டிரைவில் ஏற்றித் தருவதாகச் சொன்னேன்.

“வரிசை மாறக்கூடாது தம்பி.”

“நம்பர் போட்டே தர்றேண்ணே” என்றேன். ஒன்றிலிருந்து இருபத்தொன்று வரை நானே நம்பர் போட்டேன்.

முதல்நாள் ஸ்டாண்டில் முதல் பாட்டு கணீரென்று தொடங்கியது. அடிவாரத்தில் இரண்டாவதற்குப் பதில் பத்தாவது வந்தது. சோற்றில் கல்லைக் கடித்தவர் போல என்னைப் பார்த்தார். அந்த செட்டுக்கு ஒன்றுக்கு அடுத்தது இரண்டு இல்லையாம், பத்தாம். நம்பரின் முதல் இலக்கத்தைப் பார்த்தே அது அடுக்குமென்று எனக்கு எப்படித் தெரியும்?

பனி மூடிய ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, இருவரும் பொத்தானை மாற்றி மாற்றி அமுக்கினோம். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் பாடிவிட்டு நின்றது. இரண்டாவது மட்டும் வரவே இல்லை. செட்டை அணைத்துவிட்டுக் கடுகடுவென்று மேலே ஏறினார்.

டீக்கடையில் பார்த்தால் பின்னால் ஓர் ஆள் குறைந்தது.

“செல்லத்தாயி எங்கத்தா?”

“பாட்டு வந்துச்சு, எறங்குனோம். ரோட்டப் பாத்துட்டுத் திரும்ப ஏறிட்டோம். அவளும் ஏறிட்டான்னுல்ல நெனச்சோம்” என்றாள் ஒருத்தி.

அவர் என்னைத் தனியே இழுத்துப்போனார். “அவளுக்குக் கண்ணு தெரியாதுடா. ரெண்டு வருசமாப் புரை. கையால தடவித்தான் காய் எடுக்குறா. எடம் எதுன்னு யாரையாச்சும் கேட்டா கங்காணி காதுக்குப் போயிரும், சோலியும் போயிரும். அதுக்குத்தான்டா பாட்டு.”

செல்லத்தாயி இறங்கிய வளைவில் தடுப்புச் சுவரைத் தாண்டினால் கிடுகிடு பள்ளம்.

வண்டியைத் திருப்பினார். பதினாலாவது பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து, முடிய முடிய மறுபடி போடச் சொன்னார். வளைவு வளைவாக நத்தை வேகத்தில் இறங்கினோம். நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் பனிக்குள் ஓர் உருவம், சுவரைத் தடவித் தடவிப் பாட்டு வந்த பக்கம் நடந்து வந்தது.

“என்னப்பு, எஸ்டேட்டு கேட்டைப் பிடுங்கி எங்க வச்சுட்டாக?”

பாட்டு ஜீப்பு குதித்து இறங்கி ஓடினார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன் சீட்டில் உட்காரவைத்தார். நான் யாரும் சொல்லாமலே பின்னால் போய் ஏறினேன்.

அன்று சாயங்காலமே ஒற்றை இலக்க நம்பர்களுக்கு முன்னால் பூஜ்யம் போட்டேன். வரிசை சரியாகிவிட்டது. ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை; மறுநாள் செல்லத்தாயியிடம் சொன்னார். “பாட்ட நம்பி எத்தன நாளைக்கு ஆத்தா? கண்ணு முகாம் போட்டுருக்காக, வா.”

“சோலிக்கு வரலைன்னா கேப்பாகளே.”

“மக கல்யாணம்னு சொல்லு.”

“எனக்கு ஏதப்பு மக?”

“ஒனக்குக் கண்ணு தெரியுதுன்னே நம்புனவுக, இத நம்பமாட்டாகளா?”

ஒரு மாதம் கழித்துச் செல்லத்தாயி கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். அன்றும் அவருக்கு முன் சீட்தான். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். டீக்கடை தாண்டிப் பதின்மூன்றாவது பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நிறுத்தப்பு. கேட்டு வந்துருச்சு.”

வந்துதான் விட்டது. பச்சை இரும்பு கேட், அதன்மேல் ஒரு காக்கா. பாட்டு முடியாமல் ஒரு வளைவைக்கூடத் தாண்டாத மனிதர், பாதிச் சரணத்தில் செட்டை அணைத்தார். “பாட்டையே முந்திட்டியே ஆத்தா” என்று சொல்லிச் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கூச்சமாக இருந்ததால், “அண்ணே, இன்னொருக்கா மொதல்லருந்து போடுங்க” என்றேன்.