இச்சி, நீ, சான், சீ, கோ

ஐம்பதை நெருங்கும் வயதில், படம் பார்த்துவிட்டுக் கராத்தே பழகப் போகிறவன் வீட்டில் எவரும் சம்பந்தம் செய்யக் கூடாது. நான் சொன்னால் நம்பலாம். அந்த வீடு என் வீடு.

கராத்தேப் படங்களில் கிழவர்கள் ஒற்றைக்காலில் கொக்காக நிற்பார்கள். ஓர் உதை, வில்லன் வானத்தில். அந்த உதைக்காகத்தான் கொக்குவிலில் கோஜு-ரியு வகுப்பில் சேர்ந்தேன். (கொக்குக்குக் கொக்குவில்! சகுனம் நன்றாகத்தான் இருந்தது.) ஒகினாவா தீவில் பிறந்த பாணி. பெயருக்கே வன்மையும் மென்மையும் என்று பொருளாம். மாஸ்டர் உதையைக் கண்ணிலும் காட்டவில்லை.

"அது படத்துக்கு, அண்ணை. முதலிலை மூச்சு விடப் பழகுங்கோ."

(இவ்வளவு காலமும் நான் விட்டது என்னவோ!)

ஆகவே அந்த ஞாயிறு காலை, உரும்பிராய் வீட்டு முற்றத்தில், கணுக்கால் வரை கட்டிய சாரத்தோடு, கண்ணை மூடி, கடற்காற்று முழுவதையும் அடிவயிற்றுக்குள் இழுத்து, ஜப்பானிய எண்களைச் சொல்லிச் சொல்லிக் காற்றைக் குத்திக்கொண்டிருந்தேன். மகள் துளசியைப் பெண் பார்க்க உடுவிலிலிருந்து வரவேண்டியவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள். படலையைத் திறந்தவர் மாப்பிள்ளையின் தகப்பன். மிகவும் கட்டையான மனிதர்.

"இச்சி!" என்றேன். "நீ! சான்! சீ! கோ!"

கண்ணைத் திறந்தால், எதிரே மிளகாய்ப்பழமாய் ஒரு முகம்.

"இச்சி எண்டுறீர். நீ எண்டுறீர். நான் சாண் உயரமோ? சீ எண்டிட்டு, இங்கிலீசிலை 'கோ' எண்டும் கலைக்கிறீர்! ட்றைவர் தம்பி, வானைத் திருப்பு!"

"ஐயோ, அது ஒண்டு, ரெண்டு, மூண்டு..."

"ஆரப்பா ஒண்டை இச்சி எண்டுறது?"

யன்னல் கம்பிக்குப் பின்னால் துளசி. அந்தப் பொடியனைத்தான் கட்டுவேன் என்று எங்களோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவள். அவள் கண் நிரம்பிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஏதாவது செய்யுங்கோ!"

செய்தேன். இது கராத்தேதான் என்று நிரூபிக்க, படத்துக் கொக்காய் நின்று உதைத்தேன். சினிமாவில் ஒருவரும் சாரத்தோடு உதைப்பதில்லை. காரணம் எனக்கு அந்தரத்தில்தான் விளங்கியது. சாரம் காலைப் பிடித்துக்கொள்ள, நெடுஞ்சாண்கிடையாக அவருடைய பாதத்தடியில் விழுந்தேன்.

அவர் குனிந்து என் தோளைத் தொட்டார். பிறகு, இளகிய குரல்:

"சரி, சரி. காலிலை விழுகிற அளவுக்கு ஒண்டும் நடக்கேல்லை. எழும்புங்கோ, சம்பந்தி."

சம்பந்தி! அது மன்னிப்பல்ல, உதை என்று இன்றுவரை நான் திருத்தவில்லை. (வன்மை சறுக்கிய இடத்தில் மென்மை வென்றது, மாஸ்டர்.)

பேரனும் பிறந்துவிட்டான். ஆனாலும் மனுசன் எங்கள் படலைக்கு வந்தால் சட்டென்று உள்ளே வரமாட்டார். நுனிக்காலில் எம்பி, ஊருக்கே கேட்கக் கூப்பிடுவார்:

"சம்பந்தி, எண்ணி முடிஞ்சுதோ? வரலாமோ?"