மச்சான் வாசலில் கொதிக்கும் கார்

இனி மச்சான் சின்னராசா வீட்டு வாசல்படியை மிதிப்பதில்லை என்று நான் சபதம் செய்தேன். சாதாரணச் சபதமல்ல. கல்யாணப் பந்தலின் நடுவில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்தது.

காரணம் சந்தனம். அவர் மகள் கல்யாணத்தில், வீட்டு மாப்பிள்ளையான எனக்கு முதலில் நீட்டவேண்டிய சந்தனக் கிண்ணத்தை, அவர்கள் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு நீட்டிவிட்டார். கூடப்பிறந்த ஒரே அண்ணன் வீடாயிற்றே என்று என் மனைவி பூரணி அழுதாள். நான் அசையவில்லை.

சபதம் மட்டும் போதுமா? மச்சான் வயிறு எரியவேண்டாமா? நான் தேயிலை ஃபெக்டரியில் டீமேக்கர். எங்கள் துரை சீமைக்குத் திரும்பியபோது அவருடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். கூரை கிடையாது. ரெண்டே சீட்டு. ஞாயிறுதோறும் பூரணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு, மச்சான் வாசலைத் தாண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டே பறப்பது என்று திட்டம்.

முதல் ஞாயிறு. ஏற்றத்தில் கார் உறுமியது. ரோடு வளைந்து திரும்பும் மச்சான் வீட்டு முடக்கு வந்தது. ஹோர்னில் கை வைத்தேன். புஸ்! முன்பக்கம் முழுக்க ஆவி. கார் மச்சான் கேட்டுக்கு நேராக நின்றுவிட்டது.

மச்சான் வாளியோடு ஓடி வந்தார். "மாப்பிள, தண்ணி வேணுங்களா?"

"காருக்குத்தான் வேணும். எனக்கு ஒன்னும் வேணாம்," என்றேன், ரோட்டில் நின்றபடியே.

அடுத்த ஞாயிறும் அதே முடக்கு, அதே புஸ், அதே வாளி. அதற்கடுத்த வாரம் வாளியோடு வடையும் வந்தது. ரோட்டில் நின்று வடை தின்பதற்குச் சபதத்தில் தடை இல்லை.

ஆனால் எனக்கு ஒரு குணம். ஏன் என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. ஃபேன் பெல்ட்டைப் பார்த்தேன். ஓஸ் பைப்பைப் பார்த்தேன். கராஜ்கார அழகன் ரேடியேட்டரைக் கழுவிவிட்டு, "ஒரு குத்தமும் இல்லீங்கய்யா" என்றான். தனியாக ஓட்டிப் பார்த்தேன். கொதிக்கவில்லை! பூரணி ஏறினால்தான் கொதித்தது.

"பூரணி, நீ எவ்வளவு எடை இருப்ப?"

"ஏங்க, ராத்திரிக்குச் சோறு வேணுமா வேணாமா?"

அந்த ஆராய்ச்சியை அத்தோடு விட்டேன்.

அடுத்த வாரம் வடையை மென்றுகொண்டே காரின் முன்கம்பிகளுக்குள் எட்டிப் பார்த்தேன். சாக்கு! எங்கள் பனிக்கு எஞ்சின் சீக்கிரம் சூடேற, ரேடியேட்டருக்கு முன்னால் சாக்குத்துண்டைச் செருகி வைப்போம். கிளம்புமுன் எடுத்துவிடவேண்டும். தனியாகப் போனால் நானே எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கால்சட்டை போடுவதால் அது பூரணியின் வேலை.

அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கத் திட்டம் போட்டேன். சனிக்கிழமை சாயந்தரம் சாக்கை விறகுக்குள் ஒளித்துவிட்டேன்.

"சாக்கை எடுத்துட்டியா?" என்றேன் காலையில்.

"எடுத்துட்டேங்க." கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மனதுக்குள் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கார் பறந்தது. முடக்கில் ஆவியே இல்லை! ஹோர்னை அழுத்திக்கொண்டு கேட்டைப் பார்த்தேன். மச்சானைக் காணோம். வாளி இல்லை. வடை இல்லை. கதவு பாதி சாத்தியிருந்தது.

"எங்க ஒங்க அண்ணன்?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க ஓட்டுங்க."

ஓட்டினேன். கால் தானாக பிரேக்கை மிதித்தது. காய்ச்சலோ? ஊரில் இல்லையோ? இறங்கி, "மச்சான்!" என்றேன். பதில் இல்லை. கேட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளினேன்.

மச்சான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். "வாங்க மாப்பிள. மொதல்ல ஒங்களுக்குத்தான்."

பின்னால் பூரணியின் குரல். "நேத்து நீங்க சாக்கை ஒளிச்சதப் பார்த்தேங்க. இன்னைக்கு வாசப்பக்கம் வராதீங்கன்னு விடியக்காலையில இந்தப் பக்கம் வர்ற ரொட்டிக்காரர்கிட்ட அண்ணனுக்குச் சொல்லி விட்டேன்."

"அவர் வராட்டி நான் நிப்பேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"காரை நிறுத்தத்தாங்க சாக்கு வேணும். ஒங்களுக்கு எதுக்கு?"

குனிந்து பார்த்தேன். சபதம் செய்தவனின் சப்பாத்துக் கால்கள் இரண்டும் வாசல்படிக்கு உள்ளே இருந்தன.