திருமூர்த்தி இரு பள்ளிகளை எடைபோட்ட படலம்

அறுந்த ஒற்றை நூலை ஆறடித் தொலைவில் கண்டுபிடிக்கும் கழுகுக்கண்ணனே, நாற்பது விசைத்தறிகள் நாற்றிசையும் இடியென முழங்கும் குடோனில் துணி செக்கிங் மேசையையே சிங்காதனமாகக் கொண்டவனே, காதிடுக்கில் சிவப்புப் பேனாவைச் செங்கோலெனச் செருகிய கோமானே, திருமூர்த்தியே, உன்னை வணங்கித் தொடங்குகிறேன். சொல் தடுமாறினால் பொறுத்தருள்க.

கருமத்தம்பட்டிக்கு அப்பால், பெயர் சொல்ல வேண்டாத ஒரு சிறு நகரத்தில், அக்கோமானின் ஒரே மகள் ரித்திகா ஐந்து வயது நிறைந்து, முதற்பல் ஆடத் தொடங்கிய வீராங்கனையாய், ஒன்றாம் வகுப்பின் வாயிலில் நின்றாள். மேற்கே ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி, கிழக்கே மற்றொன்று. வீட்டிலிருந்து இரண்டும் சமதூரம் என்பதைப் பைக் மீட்டரில் இருமுறை ஓட்டி அளந்தே அறிந்திருந்தான் தந்தை. துணியைச் சோதிப்பது போலவே பள்ளியையும் சோதிப்பேன் என்று சூளுரைத்து, பழைய காலண்டர் தாளின் முதுகில் பதினைந்து கட்டங்கள் வரைந்து, கட்டத்துக்குப் பத்து மதிப்பெண் என விதித்தான்.

அவன் மனையாள் மோகனப்பிரியா எட்டாம் வகுப்போடு பள்ளி நீங்கியவள். ஏன் நின்றாய் என்று கேட்டோர்க்கெல்லாம், கட்டிய கணவன் உட்பட, "படிப்பு ஏறலீங்க" என்ற ஒரே விடையைப் பன்னிரண்டு ஆண்டுகளாக வழங்கி வருபவள். அவள் அத்தாளை நெடுநேரம் நோக்கி ஒன்றே ஒன்று வேண்டினாள்: "கடைசிக் கட்டத்த எனக்கு உடுங்க."

உட்டான்.

மார்ச் மாதத்துக் கதிரவன் கீழ்வானில் கொதித்தெழ, மூவரையும் சுமந்த பைக் மேற்குக் கோட்டையை முற்றுகையிட்டது. தலைமையாசிரியர் சென்னகேசவன், ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை கிடைக்காமல் பல நாள் துயில் துறந்த தளபதி, ரித்திகாவின் கழுத்தில் ரோசாமாலை சூட்டிக் கையில் மஞ்சள் பலூன் தந்து முழங்கினார்: "ஏனுங்க, எங்க டிவி அம்பத்தஞ்சு இஞ்சுங்க. யானை ஓடுனா நெஜ யானையாட்டவே இருக்கும்." யானை ஓடியது. ரித்திகா வாய்பிளந்தாள். திருமூர்த்தியோ அசையவில்லை. சுவரைத் தடவிச் சுண்ணாம்பு ஒட்டுகிறதா எனப் பார்த்தான். பெஞ்சுகளை ஆட்டிப் பார்த்தான். காலை உணவு ரவை உப்புமாவை, நஞ்சுண்ணத் துணிந்த மறவனைப் போல் விழிமூடி விழுங்கி, கடுகு குறைவென்று அரை மதிப்பெண் அறுத்தான்.

அந்நேரம் மோகனப்பிரியா ஒருவருக்கும் சொல்லாமல் பள்ளியின் பின்புறம் போயிருந்தாள். அங்கே ஒரு சிறுமி ஒரு கதவை முதுகால் முட்டுக்கொடுத்துக் காவல் நின்றாள். உள்ளே அவள் தோழி. "போயிராதடீ," என்று உள்ளிருந்து ஒரு குரல் கெஞ்சியது. மோகனப்பிரியா திரும்பிவந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

பைக் கிழக்கே பாய்ந்தது. அங்கே தலைமையாசிரியை நஃபீசா, வாசலில் ஆரத்தித் தட்டேந்தி நின்று, கற்கண்டை வாரி வழங்கிப் பிரகடனம் செய்தார்: "டிவி இல்லீங்க, மறைக்க மாட்டேன். ஆனா எங்க சாம்பார்ல முருங்கைக்காய் தேட வேண்டியதில்ல, அதுவே வந்து கரண்டில ஏறிக்கும்." ஏறியது. நான்கு மதிப்பெண்ணை ஒரே வீச்சில் வென்றது அம்முருங்கை. ஆயினும் கூரையின் ஈசானிய மூலையில் ஒழுகிய கறை கண்டு, கிழிந்த பட்டைக் கண்டவன் போல் நெஞ்சுடைந்து மூன்றைக் கழித்தான் வீரன். ரித்திகா ஊஞ்சலேறி விண்ணளந்தாள். வேப்பமரம் பூச்சொரிந்தது. அதற்கும் ஒரு மதிப்பெண்.

பின்பு கூட்டினான். மேற்கு தொண்ணூற்றொன்றரை. கிழக்கும் தொண்ணூற்றொன்றரை.

திசைகள் திகைத்தன. மறுபடி கூட்டினான், விரல்விட்டு மீண்டும் கூட்டினான், எண்கள் இரண்டும் ஒன்றையொன்று முறைத்தபடி மல்லர்களைப் போல் அசையாது நின்றன. மகளையே தீர்ப்புரைக்க வேண்ட, அவள் ஊஞ்சலில் இருந்தபடி, பலூன் பள்ளிக்குக் காலையிலும் ஊஞ்சல் பள்ளிக்கு மத்தியானத்திலும் போவேன் என்று அரசாணை பிறப்பித்தாள். நஃபீசா சிரிப்பை முந்தானையில் ஒளித்தார்.

அப்போதுதான் கடைசிக் கட்டம் காலியாய் இருப்பதைக் கண்டான். கட்டத்துக்கு உரியவளைக் காணவில்லை. "ஏம்மிணி, எங்க போய்ட்ட?" என்று அவன் விளித்த குரல் வேம்பில் மோதித் திரும்பியது. பள்ளியின் பின்புறத்திலிருந்து 'டக்' என்றோர் ஓசை எழுந்தது. சற்று அமைதி. மீண்டும் 'டக்'. மீண்டும் ஒருமுறை, விளையாட்டாய், இன்னும் பலமாய்.

மோகனப்பிரியா வந்தாள். முகம் கழுவியது போலிருந்தது. கணவனின் காதிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, இருபதாண்டுச் செக்கிங்கில் எந்தத் துணிக்கும் முழு மதிப்பெண் ஈந்தறியாத அக்கோமானின் கண்ணெதிரே, பத்துக்கு நூறு என்று எழுதினாள்.

"இங்கயே சேத்திப்போடலாமுங்க."

அண்டமதிரக் கேட்டான் அவன், எதற்காக நூறு என்று. அவளோ, பன்னிரண்டு ஆண்டு விடையை முதன்முறையாக மாற்றி, மெல்லச் சொன்னாள்: "எனக்குப் படிப்பெல்லாம் நல்லாத்தானுங்க ஏறுச்சு."

கிழக்குப் பள்ளியில் கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது.