மாமாவின் காரிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டர்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மருமகன் மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த பயத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் சௌக்கியம். அங்கே நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், குறிப்பாக இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும். போனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஊருக்குப் போகும்போது காரை என் ஷெட்டில் விட்டுவிட்டு, "துடைக்கலாம் மாப்பிள்ளை, தொடக் கூடாது. கை வெச்சீங்க, காரோட என் பொண்ணையும் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றீர்கள். அப்போது நீங்கள் சிரிக்கவில்லை. லைசென்ஸ் டெஸ்டில் என்னையே இரண்டு தடவை ஃபெயில் போட்ட அதிகாரியின் பேச்சைத் தட்ட எனக்கு ஏது தைரியம்? துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் போன வாரம், என் பேக்கரிக்கு நீங்கள் கொடுத்த ரொட்டி வேன் நட்டநடு ரோட்டில் படுத்துவிட்டது. பேட்டரிக்குக் கரன்ட் ஊட்டுகிற ஆல்டர்னேட்டர் செத்துப்போச்சாம், புதுசு வரப் பத்து நாளாகுமாம். எதைக் கேட்டாலும் "ஆச்சு" என்பதால் ஆச்சு என்றே பேர் வாங்கிய எலெக்ட்ரீஷியன் உங்க காரைப் பார்த்தார். "இதுவும் அதே கம்பெனிதானே சார், ஒரு தாய் பிள்ளைங்க. இதைக் கழட்டி அதுல மாட்டுவோம், புதுசு வந்ததும் இதுல மாட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"ன்னார். வேண்டாம்னுதான் சொல்ல வந்தேன் மாமா, சத்தியமா. ஆனா தலை தானா ஆடிடுச்சு.

வேன் ஓடுச்சு. அன்னைக்கே நீங்க போன் பண்ணி, அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன், ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துட்டு வாங்கன்னுட்டீங்க. கார்லதான் ஆல்டர்னேட்டரே இல்லையே! ஆச்சு பழைய இரும்புக் கடைக்குப் போய் அதே கம்பெனி லாரியோட ஆல்டர்னேட்டரைத் தூக்கிட்டு வந்துட்டார். இடம் பத்தல, ஓட்டை பொருந்தல, ரெண்டு தட்டு தட்டி உக்கார வெச்சு "ஆச்சு"ன்னார். சாவியைத் திருப்பினேன். லைட்டெல்லாம் பளீர்னு எரிஞ்சு, ஒண்ணொண்ணா டப்பு டப்புன்னு போச்சு. ஹாரன் தானா அடிக்க ஆரம்பிச்சு நிக்கவே இல்ல. ரேடியோவுல இருந்து பாட்டுக்குப் பதிலா புகை வந்துது. லாரிக்கு இருபத்துநாலு வோல்ட்டாம், காருக்குப் பன்னிரண்டாம். ஒரு தாய் பிள்ளைங்கதான், ஆனா அண்ணனோட சாப்பாட்டைக் கைக்குழந்தைக்குத் திணிச்சிட்டோம். "என்னங்க கருகுற வாசனை?"ன்னு உங்க மகள் கேட்டா. ரொட்டின்னேன். "இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே"ன்னுட்டுப் போயிட்டா.

ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல. உங்க நம்பர்ல இருந்து போன் வந்தா பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறேன். என்னை மூணாவது தடவையும் ஃபெயில் போடுங்க மாமா, ஆனா அவளை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அவ இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடாது.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசியையும், அது கிடைக்காவிட்டால் பொறுமையையாவது வேண்டி நிற்கும்,
மருமகன்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஆச்சு வந்தார். "உன்னாலதான்யா என் குடும்பமே போகப் போவுது"ன்னு கத்திட்டேன். அவர் அசராம, "இதுக்கா சார்? வேனை உங்களுக்குக் குடுக்கறதுக்கு முந்தின நாள் உங்க மாமனார் சொல்லி நான்தானே வேன்ல இருந்த நல்ல ஆல்டர்னேட்டரைக் கழட்டிக் கார்ல மாட்டினேன், கார்ல இருந்த பழுதானதை வேன்ல மாட்டினேன்"ங்கறார். ஏன்யா முன்னாடியே சொல்லலைன்னா, நீங்க கேக்கலையேங்கறார். கேட்ட மன்னிப்பையெல்லாம் வாபஸ் வாங்கலாம்னுதான் பேனாவை எடுத்தேன். ஆனா கதவுக்குப் பின்னால நின்னு உங்க மகள் முழுசாக் கேட்டுட்டா. "எங்கப்பாவா?"ன்னு ஒரே வார்த்தைதான் கேட்டா. ஸ்டேஷனுக்கு வேனை அவளே ஓட்டிட்டு வர்றாளாம், நான் வரக் கூடாதாம். அவ முகத்தைப் பார்த்ததுல இருந்து உங்களை நினைச்சுத்தான் எனக்குப் பயமா இருக்கு. பேசாம வெள்ளிக்கிழமை வராதீங்க மாமா.