வறண்ட வாய்க்காலில் குழிநரியும் கும்பிடுபூச்சியும் பொருத நண்பகல்

மண்வெட்டி ஏந்திய மறத்தியர் இருவர் வாழ்க! நன்னிலத்துக்குத் தெற்கே, மேட்டூர் நீர் இன்னும் வந்து சேராத வாய்க்காலில், நூறு நாள் வேலை எனும் பெரும்போரில் தூர் வாரிக் களைத்த அம்சமும் சைத்தூன் பீவியும், சித்திரை வெயிலவன் உச்சியில் கொலுவிருந்த பொழுதில், ஒருவர் மட்டுமே கால் நீட்டத்தக்க ஒற்றை வேப்பங்கன்றின் நிழலாகிய வெண்கொற்றக்குடை யாருக்கு உரியதென்று பகை கொண்டனர். அம்சத்துக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தது. பீவிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமிருந்தது, உடம்புதான் இடங்கொடுக்கவில்லை.

ஆகவே தமக்காகப் பொரும் வீரரைத் தெரிந்தனர். அம்சத்தின் வீரன், கரைமணலில் எண்ணெய் ஊற்றும் புனல்போல் குழி பறித்து அதன் அடியில் கொடுந்தாடை மட்டும் தெரியப் புதைந்திருந்த குழிநரி எனும் சிறுபூச்சி. பீவியின் வீரன், காய்ந்த கருவேல முள்ளில் கைகூப்பித் தவமிருந்த கும்பிடுபூச்சி. முதலில் இரை கொள்வது எதுவோ, அதன் தலைவிக்கே நிழல்!

"எங்காளு அலையாது பீவி. குழிய வெட்டிட்டு உக்காந்திருக்கும், எறும்பு தானா வந்து விழும்" என்று முழங்கினாள் அம்சம்.

"நாமளுந்தான் பத்து வருசமா வெட்டுறோம், என்னக்கா வந்து விழுந்துச்சு? எங்காளப் பாருங்க. கும்பிட்டுக்கிட்டே கழுத்தப் புடிச்சிரும். ஓட்டு கேக்க வர்றவங்களுக்கே அதுதான் வாத்தியாரு" என்று எதிர்முரசு அறைந்தாள் பீவி.

அந்தோ! இரண்டுமே காத்திருந்து கொல்லும் குலத்தின என்பதை அம்மறத்தியர் அறிந்திலர். மலையென அசையாது கிடந்தது குழிநரி. சிலையென அசையாது நின்றது கும்பிடுபூச்சி. அவற்றினும் அசையாது, தூக்குச்சட்டியைத் திறவாது, உச்சந்தலை கொதிக்கக் குந்தியிருந்தனர் இருவரும்.

கடைசியில் வந்தது ஒரு கட்டெறும்பு. விளிம்பு சரிய, ஏற ஏற வழுக்கி, அகழியில் வீழ்ந்த பட்டத்து யானையென அது பிளிறாத குறையாகத் தவிக்க, குழிநரி மண்மாரி பொழிந்து அதன் காலைக் கவ்விய அதே இமைப்பொழுதில், முள்ளின்மேல் கும்பிடுபூச்சி ஓர் ஈயை வாரி அணைத்துக் கழுத்தைக் கடித்தது!

"எங்காளுதான் மொதல்ல!" என்று இருவரும் ஒருசேர ஆர்த்த ஆர்ப்பில் வாய்க்கால் அதிர்ந்தது, கொக்கினம் பறந்தது, தீர்ப்புரைக்கும் அறங்கூறவையென, கையில் செல்போன் மின்ன, கரைமேல் எழுந்தருளினாள் பணித்தளப் பொறுப்பாளர் கனிமொழி.

"யாரு ஜெயிச்சா என்னங்க, மணி ரெண்டாச்சு. ஏந்திரிங்க."

கூலிக்கான வருகைப்பதிவுக்கு அன்றைய இரண்டாவது போட்டோ எடுக்க வேண்டியிருந்ததால் இருவரும் சாப்பிடாமலே வெயிலில் போய் நின்றார்கள்.