அண்ணனின் கால்சட்டையில் குடிபாலா வரை

என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு எட்டு நாள் முன்னாலேயே அவர்கள் ஊருக்குப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். அதுவும் என் அண்ணனின் காக்கிக் கால்சட்டையில். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் வேறு யாரைக் கேட்டாலும் அந்தக் கால்சட்டையில் ஒரு கிழிசலையும், பின்னால் துரத்தி வந்த ஒரு நாயையும் சேர்த்துக்கொள்வார்கள். (நாயெல்லாம் இல்லை. கிழிசல் இருந்தது.)

யுத்தம் முடிந்த புதிது. சித்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் நான் கணக்கு டீச்சர், வயது இருபத்திரண்டு. அண்ணன் தேவசகாயம் மோட்டார் மெக்கானிக். அவன் மூலமாகத்தான் ராவ் சார் எங்களுக்கு அறிமுகமானார். திருப்பதிக்காரர், ஓய்வு பெற்ற இன்ஜினியர். பட்டாளத்தார் ஏலம் விட்ட சாமான்களோடு ஒரு கிளைடரையும் எடுத்து வந்து, ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த ஏரியில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டார் என்று ஊரில் பேச்சு.

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. ஏரியின் அந்தக் கோடியில் ஒரு பழைய லாரியின் சக்கரத்தில் கம்பியைச் சுற்றி அண்ணன் இழுப்பான். பட்டம் மாதிரி விறுவிறுவென்று ஏறும். உயரம் போனதும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம் காற்று விட்ட வழி. ஒரே ஒரு ஆள்தான் உட்காரலாம்.

அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனவள்தான் நான். ஆள் குறைந்த ஒரு நாள் சிறகு நுனியைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். இரண்டு மாதத்தில் உள்ளே உட்கார்ந்திருந்தேன். முதலில் தரையோடு தரையாக இழுத்தார்கள், பிறகு ஆள் உயரம், பிறகு பனை உயரம். பனைக்கு மேலே போன அன்றைக்கே என் புத்தி கெட்டது. திங்கட்கிழமை வகுப்பில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பருந்து வட்டம் போட்டால், சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். பிள்ளைகள் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வருவார்கள். இன்னும் மேலே, இன்னும் கொஞ்ச நேரம் என்று அப்படி ஓர் ஆசை. சாப்பாட்டின்மேல்கூட எனக்கு அவ்வளவு ஆசை இருந்ததில்லை, நான் ஒன்றும் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவள் இல்லை.

ராவ் சார் ஒரு வாக்குக் கொடுத்தார். ஒரு மணி நேரம் மேலேயே நின்று, மெஷினில் ஒரு கீறல்கூட இல்லாமல் கொண்டு வந்து சேர்த்தால், காற்று திரும்பும் மாதத்தில் திருப்பதி வரை பறக்கும் முதல் ஆள் நான்தான். மெஷின் உடைந்தால் வேறொன்று வாங்க வழியில்லை, எல்லாருக்கும் எல்லாம் முடிந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

இப்போது உடுப்புக்கு வருகிறேன். "உடுப்பு ஆகாசத்துக்கு இல்லே அம்மாயி, இறங்கற ஊருக்கு" என்பது ராவ் சாரின் வேதம். மேலே குளிரும். இறங்குவதோ யாருடைய கொல்லைக் காட்டிலோ, உச்சி வெயிலில். அங்கிருந்து தந்தி ஆபீசுக்கு நாலு மைல் நடக்க வேண்டும், முன்பின் தெரியாதவர்களிடம் தண்ணீரும் மாட்டு வண்டியும் கேட்க வேண்டும். அதனால் முழுக்கை, தொப்பி, நடக்கிற மாதிரி பூட்ஸ், பார்த்தவர்கள் நம்புகிற மாதிரி ஒரு தோற்றம்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் அம்மா புகுந்தாள். மேலே எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள், கர்த்தர் ஒருவர்தான் பார்ப்பார். கால் தரையில் பட்டதும் உடம்பில் புடவை இருக்க வேண்டும் என்றாள். சட்டென்று சுற்றிக்கொள்ள வசதியாக உள்பாவாடையைக் கால்சட்டைக்குள்ளேயே திணித்துவிட்டாள். அதன்மேல் இடுப்பைச் சுருக்கிக் கட்டிய அண்ணனின் கால்சட்டை, நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் கோட்டு, தாடைக்குக் கீழே ரிப்பன் போட்டுக் கட்டிய சோலாத் தொப்பி, பழந்துணி அடைத்த பூட்ஸ். கண்ணாடியில் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே நெல்மூட்டை, மேலே ஜில்லா இன்ஸ்பெக்டர்.

கையில் ஒரு மூட்டையும் கொடுத்தாள். கெட்டியான நகரி நெசவுப் புடவை, ஊக்குகள், சீப்பு, பவுடர் டப்பா. இருக்கைக்குப் பின்னால் சின்னதாக ஒரு பெட்டி, அவ்வளவுதான் இடம். அதில் கயிறும் முளைக்குச்சிகளும் இருக்கும். இறங்கிய இடத்தில் காற்றடித்தால் கிளைடர் கவிழாமல் இழுத்துக் கட்டுவதற்கு. இரண்டு மூட்டையும் கொள்ளவில்லை. நான் கயிற்றை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். (கணக்கு டீச்சர் போட்ட கணக்கு.)

அது ஒரு சனிக்கிழமை. கம்பியைக் கழற்றியதும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. பருந்துகள் சுற்றும் இடத்துக்குப் போய் நானும் சுற்றினேன். ஏரி கைக்குட்டை அளவு ஆயிற்று. கோர்ட்டு, மிஷன் காம்பவுண்டு, நைனா ஜெபித்துக்கொண்டிருந்திருக்கக்கூடிய எங்கள் வீட்டு ஓடு எல்லாம் தெரிந்தன. வடகிழக்கே ரொம்ப தூரத்தில் நீலமாக ஒரு கோடு. அதுதான் திருப்பதி மலை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நைனாவின் கைக்கடிகாரத்தில் ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆனபோது வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தால் வடக்கே கறுப்பாக மேகம் கட்டி நிற்கிறது. கோடை மழைக் காற்று என்னை ஊரைவிட்டுத் தெற்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது. உயரம் மளமளவென்று குறைந்தது. கடலை பிடுங்கிய ஒரு கொல்லை தெரிந்தது, இறக்கிவிட்டேன். ஒரு கீறல் இல்லை. ஊர் குடிபாலா.

எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீடும் குடிபாலாதான். அது ஞாபகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகப் புடவை மூட்டையை எடுத்தேன். அதற்குள் காற்று வந்துவிட்டது. சாய்ந்து கிடந்த சிறகு ஒரு சாண் எழும்பி டொக்கென்று விழுந்தது. நான் இறங்கினால் கனம் குறைந்து கவிழ்ந்துவிடும். இறங்காவிட்டால் கட்ட முடியாது. கட்டுவதற்கோ கயிறு இல்லை. கையில் ஆறு கஜம் புடவை இருந்தது.

கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த பத்துப் பேர் தூரத்தில் நின்று பார்த்தார்கள். சிறகைப் பிடியுங்கள் என்று தமிழில் கெஞ்சினேன், தெலுங்கில் கெஞ்சினேன். ஒருவரும் கிட்ட வரவில்லை. அப்போது ஒரு பெரியம்மா மட்டும் குடையை மடக்கிக்கொண்டு நேராக வந்தார். வெள்ளைப் புடவை, நல்ல ஆகிருதி. எனக்கு அவர் முகமே கண்ணில் படவில்லை. எடைதான் பட்டது.

"பெரிம்மா, சட்டுனு வந்து இதுல உக்காருங்க. இங்க கீறவங்கள்ல நீங்கதான் நல்ல கனம்" என்றேன்.

அந்த அம்மாள் ஒரு விநாடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குடையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் குதித்து ஓடினேன். (கிழிசல் இந்த இடத்தில்தான்.) புடவையைப் பிரித்து, ஒரு நுனியைச் சிறகின் வளையத்தில் கோத்து, மறு நுனியை வேலிக் கல்லில் இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பாதி போட்டுக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. கிளைடர் ஆடிய ஆட்டத்தில் பெரியம்மா போய்விட்டார் என்றே நினைத்தேன். நகரி நெசவு தாங்கியது. பெரியம்மாவும் தாங்கினார்.

அரை மணியில் எல்லாம் ஓய்ந்தது. புடவை முறுக்கிச் சேறாகிவிட்டது. நான் நனைந்த நெல்மூட்டையாக நின்றேன். பெரியம்மா இறங்குகிற வழியாகக் காணோம். உள்ளே உட்கார்ந்தபடியே யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். சித்தூர் ஞானமுத்து வாத்தியார் மகள் எஸ்தர் என்றேன். கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கி வுட்டு அடுத்த ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் ஒன்னத்தான் பாக்க வர்றதா கீறோம்" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அது மழையில் இருந்த வெடிப்பையும் மூடிக்கொண்டு கிடந்தது.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரமாட்டார்கள் என்று நைனா படுத்துவிட்டார். வந்தார்கள். பெண் நன்றாக முடிச்சுப் போடுகிறாள், பயமில்லை, பிடித்திருக்கிறது என்றார் அந்தப் பெரியம்மா, பின்னாளில் என் மாமியார். ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் அதில் ஏறக்கூடாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நைனாவின் முகத்தைப் பார்த்து, சரி என்றேன். அந்தச் 'சரி'யை நான் திருப்பி வாங்கிக்கொள்ள நினைக்காத நாள் கிடையாது. என் கணவர் சாமுவேல் தங்கமானவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் காப்பாற்றிக் கொடுத்த மெஷினில் என் அண்ணன் திருப்பதிக்குக் கிளம்பிப் பாதி வழியில் பாகாலாவில் போய் இறங்கினான். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அடுத்த வருஷம் ராவ் சாரும் படுத்துவிட, கிளைடரை விறகுக்கோ எதற்கோ கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் காற்றில் காகிதம் பறந்தால், பந்தல் துணி தூக்கினால், "பெரிம்மாவ உக்கார வையிங்க" என்று யாராவது கத்துவார்கள். பேரன் பேத்திகளுக்குக் காரணம்கூடச் சரியாகத் தெரியாது. மாமியார் இருந்தவரை அவரும் சிரிப்பார்.

அப்படி எல்லாரும் சிரித்து ஓய்ந்த ஒரு மத்தியானம், நானும் அவரும் மட்டும் கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு எழுபது தாண்டியிருந்தது.

"அன்னிக்கி காத்து தூக்குச்சே, நீ அந்தத் துணிய கட்டலன்னா நானும் மேல போயிருப்பேனா?" என்று கேட்டார்.

கவிழ்ந்திருப்பார் என்பதுதான் உண்மை. "போயிருப்பீங்க அத்தே" என்றேன்.

அவர் கை கடலையை உரித்துக்கொண்டே இருந்தது. "நீ மேல போய்க்கினு இருப்ப, நான் கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கினு இருக்கணும். அது என்னால ஆவாதுன்னுதான் வேணான்னு சொன்னேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது, முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் இத்தனை வருஷத்தில் கால்சட்டையைப் பற்றிக் கேட்டவர்கள்தான் எல்லாரும். மேலே என்ன இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதனால் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். கம்பி கழன்றதும் சத்தம் நின்றது, பருந்து பக்கத்தில் வந்து என்னைத் திரும்பிப் பார்த்தது, அந்த நீலக் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் நிறுத்தும்போதெல்லாம் என் கையைத் தட்டி, "அப்பறம்?" என்றார்.